சந்தனச் சக்கரம்

அத்தியாயம் 3

"இன்னா சார் திருடு போச்சி?"

"சிராய்ப்பு."

ஏசுபாதம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே நிறுத்தினான். செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், 'பிரபா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து அவனும் எத்தனையோ பார்த்துவிட்டான். காணாமல் போன மாமியார், காணாமல் போன ஆட்டுக்கிடா, முகூர்த்தத்துக்கு முதல் நாள் காணாமல் போய் சொந்த வீட்டுப் பரணிலேயே கிடைத்த மாப்பிள்ளை. ஆனால் சிராய்ப்பைக் காணோம் என்று படியேறி வந்தவர் இவர் ஒருத்தர்தான்.

"சார், எனக்கெல்லாம் முட்டியில சிராய்ப்பு வந்தா தேங்கா எண்ண தடவுவேன். ஆறிப்போச்சின்னா சந்தோசப்படுவேன். இத்தினி பேஜாரு படமாட்டேன்."

"ஏசுபாதம்!" என்றாள் பிரபாவதி.

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் ஒரு தடவை பேர் சொன்னால் வாயை மூட வேண்டும், இரண்டாவது தடவை சொன்னால் டீ வாங்க ஓட வேண்டும். அது அந்த ஆபீஸின் சட்டம்.

பிரபாவதி முன்பு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். அடிபட்டு வருகிற வண்டிகளைப் பார்த்து, இது லாரி இடித்ததா, சொந்தக்காரரே சுத்தியலால் தட்டியதா என்று சொல்வதுதான் வேலை. வண்டிகளைப் பற்றித் தெரிந்துகொண்டதைவிட சொந்தக்காரர்களைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டு, வெறுத்துப்போய் வேலையை விட்டாள். ஏசுபாதம் கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். தனிக்கட்டை. வாய் மட்டும் கொஞ்சம் நீளமே தவிர, சும்மா சொல்லக் கூடாது, அவன் வைக்கிற மீன் குழம்புக்கு அந்தத் தெருவே மூக்கைத் தூக்கும்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜெகதீசன். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம். நெல் விதைத்தவர், பிறகு வேன் வாங்கினார், அப்புறம் நாலு வேன் வாங்கி டிராவல்ஸ் நடத்துகிறார். தலை சுத்த மொட்டை. மொட்டை மேல் சந்தனம். திருப்பதி போய் வந்த ஈரம் இன்னும் காயவில்லை.

"மேடம், என் கார்ல நாலு சக்கரமும் அலாய் வீலு. எங்க ஊர்ல மொத மொத அலாய் வீலு மாட்டுனவன் நான்தான். இடது பக்கம் முன் சக்கரத்துல, ஓரமா, இம்மாம் நீளம் சிராய்ப்பு இருந்துச்சி. திருப்பதி போயிட்டு வந்து பாக்கறேன், சிராய்ப்பக் காணோம்! புதுசு கணக்கா மின்னிக்கினு கீது."

"நல்லதுதானே சார்?"

"இன்னா மேடம் நல்லது? கம்பெனி வீல கழட்டி வித்துட்டு டூப்ளிகேட்ட மாட்டி வச்சிக்கிறான். இன்னிக்கு வீலு, நாளிக்கு இஞ்சினு!"

"யாரு?"

"அப்பாசாமி. என் டிரைவரு. என் பொண்ணு பொறந்த வருசத்திலேர்ந்து எங்கிட்ட கீறான். அவன நம்பி வூட்டயே வுட்டுட்டுப் போவேன் மேடம்." ஜெகதீசன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு சாயங்காலம் சாவிய வாங்கிக்கினு தொரத்தப் போறேன். அதுக்கு முன்னாடி அவன் மூஞ்சில விட்டெறிய எனக்கு ஒரு ஆதாரம் வேணும்."

ஏசுபாதம் பேனாவை மூடி வைத்தான். அவனும் ஒரு காலத்தில் அடுத்தவர் வண்டியை ஓட்டியவன்தான். சாவியைக் கையிலிருந்து பிடுங்கும்போது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"அந்தச் சிராய்ப்பை முதல்ல வச்சது யாரு?" என்றாள் பிரபாவதி.

ஜெகதீசன் மின்விசிறியைப் பார்த்தார். "ரோடுன்னு இருந்தா உரசத்தான் செய்யும்."

"உங்க வீட்டம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அவளுக்கு ஒண்ணியும் தெரியாது! தெரியவும் வேணாம்! அவகிட்ட மட்டும் மூச்சு வுட்றாதீங்க!"

பிரபாவதி எழுந்தாள். "வாங்க. நோயாளியைப் பார்ப்போம்."

கார் கீழே ரோட்டில் குறுக்கே நின்றிருந்தது. ஜெகதீசன் தானே ஓட்டி வந்திருக்கிறார். நிறுத்தியிருந்த விதத்தில் இரண்டு சைக்கிள்காரர்களும் ஓர் இளநீர்க்காரரும் வெளியே வர வழியில்லாமல் அவருடைய குடும்பத்தையே வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏசுபாதம், கீழே படுத்து சக்கரத்தோட முதுகைப் பாரு."

"மேடம், இப்பதான் சட்டைய இஸ்திரி..."

"ஏசுபாதம்!"

அவன் படுத்தான். டார்ச்சை அடித்தான். சக்கரத்தின் பின்பக்கம் பூராவும் பழைய சேறு, பிரேக் கரி, இன்ன மாட்டினுடையது என்று சொல்ல முடியாத சாணி. ஓரிடத்தில் குங்குமம் வழிந்து காய்ந்திருந்தது. எழுந்து வந்து முன்பக்கம் பார்த்தால் ஒரு புள்ளி அழுக்கு கிடையாது.

"மூஞ்சி புதுசு மேடம், முதுகு பழசு. டூப்ளிகேட்டா இருந்தா முதுகும் புதுசா இருக்கணும். இது திருட்டு கேஸ் இல்ல, பியூட்டி பார்லர் கேஸ்."

"அதேதான். சக்கரம் மாறலை சார். சிராய்ப்பை யாரோ தேய்ச்சு, பட்டி வச்சு, பெயிண்ட் அடிச்சிருக்காங்க. மெக்கானிக் ஷெட்டுல இல்ல, வீட்டுல வச்சு."

"வூட்டுலன்னு எப்டி சொல்றீங்க?"

பிரபாவதி கைப்பையிலிருந்து புருவம் திருத்துகிற சின்ன இடுக்கியை எடுத்தாள். டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கியிருந்த ஒரு துணுக்கை உருவினாள். கெட்டி அட்டை. ஒரு மூலை. அதில் மஞ்சள்.

"கல்யாணப் பத்திரிகை," என்றான் ஏசுபாதம். மூலையில் மஞ்சள் தடவாத பத்திரிகையை நம் பக்கத்தில் யார் கையால் வாங்குவார்கள்?

"டயர்ல பெயிண்ட் படாம இருக்க மெக்கானிக் கிரீஸ் தடவுவான், இல்லே பழைய பேப்பர் ஒட்டுவான். கல்யாணப் பத்திரிகையைச் சுத்தி வரிசையா சொருக மாட்டான். அது வீட்டுல இருக்கிறவங்க யோசனை."

"எங்க வூட்டு பரண்ல பொண்ணு கல்யாணப் பத்திரிக ரெண்டு கட்டு மீந்து கீது," என்றார் ஜெகதீசன். பிறகு திடுக்கிட்டு, "அதையும் திருடிட்டானா!" என்றார்.

இதற்குள் ஏசுபாதம் போல்ட்டுக் குழிக்குள் விரலை விட்டு நார் ஒன்றை எடுத்திருந்தான். பார்த்தான். முகர்ந்தான். யாரும் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துக்கொண்டான்.

"புளி."

"சீ, துப்பு!" என்றாள் பிரபாவதி.

"சத்தியமா புளி மேடம். பித்தளக் குத்துவெளக்கு தேய்க்கற மாதிரி மொதல்ல புளி போட்டுத் தேய்ச்சிக்கிறாங்க. அப்பறம்தான் உப்புத்தாளு."

பிரபாவதிக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் உதவியாளனை எதிர்த்துப் பேசுவதில்லை. "அதையேதான் நானும் சொல்ல வந்தேன்," என்றாள்.

இவ்வளவுக்கும் ஜெகதீசன் சமாதானம் ஆனாரா என்றால், இல்லை. இன்னும் குதித்தார். "அப்ப எனக்குத் தெரியாம வண்டிய வெளிய எடுத்துக்கிறான்! நான் திருப்பதில மொட்ட போட்டுக்கினு நிக்கறேன், இவன் என் வண்டில வாடகை ஓட்டி எங்கியோ இட்ச்சிட்டு, பூசி மெழுகி வச்சிக்கிறான்!"

"சிராய்ப்பு முன்னாடியே இருந்ததுன்னு சொன்னீங்களே?"

"அதே எடத்துல மறுபடி இட்ச்சிருப்பான்!"

"பெயிண்ட் எங்கே வாங்கியிருப்பாங்கன்னு பார்ப்போம். ஏறுங்க," என்றாள் பிரபாவதி.

ஜெகதீசன் ஓட்டினார். ஓட்டினார் என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். திருக்கழுக்குன்றம் போய்ச் சேருவதற்குள் ஒரு எருமை, ஒரு மினி பஸ், ஒரு பள்ளிக்கூடச் சுவர் மூன்றும் மயிரிழையில் தப்பின. பின் சீட்டில் ஏசுபாதம் ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து கற்ற எல்லா ஜெபத்தையும் சொல்லி முடித்து, வேதகிரீஸ்வரரையும் துணைக்குக் கூப்பிட்டுவிட்டான்.

மலையடிவாரத்தில் பக்தவத்சலத்தின் ஹார்டுவேர் கடை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் யார் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தாலும் டப்பா அங்கேதான் வாங்க வேண்டும். அவர் யோசிக்கவே இல்லை.

"சில்வர் ஸ்பிரே தானே? நம்ம அப்பாசாமிதான் வாங்கிக்கினு போனாரு. பட்டி ஒரு டப்பா, உப்புத்தாளு மொரடு கொஞ்சம், நைசு கொஞ்சம். மறுநாளே ஸ்பிரேய திருப்பிக் கொணாந்துட்டாரு."

"ஏன்?"

"கலரு ஒத்து வரலியாம். ஜரிக மாதிரி மின்னக் கூடாதாம். தேய்ச்சுக் கவுத்து வச்ச பழைய எவர்சில்வர் குண்டான் இருக்குதே, அந்தக் கலருல வேணுமாம். எனக்கே சிரிப்பா பூடிச்சி. தேடி எடுத்துக் குடுத்தேன்."

பிரபாவதியும் ஏசுபாதமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெகதீசனுக்கு அந்தப் பார்வை கண்ணில் படவில்லை. அவருக்கு 'அப்பாசாமி' என்ற பேருக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! சொன்னேனா இல்லியா! இன்னிக்கு மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் எடுத்துக்கினு போய்க்கிறான். வாங்க, அங்கியே வச்சி சாவியப் புடுங்கறேன்!"

"சார், சாயங்காலம்னுதானே சொன்னீங்க. அதுவரை நான் பேசறேன், நீங்க பேசக் கூடாது," என்றாள் பிரபாவதி. ஜெகதீசன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் சிற்பக் கூடங்களின் உளிச் சத்தம் ஒரு பக்கம், சங்கு விற்கிறவர்களின் கூச்சல் ஒரு பக்கம். வேன்கள் நிற்கிற மரத்தடியில் அப்பாசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை, சட்டைப் பையில் துடைக்கிற துணி. ஜெகதீசன் ஏனோ காரை விட்டு இறங்கவில்லை. இறங்காதது மட்டுமில்லை, மொட்டைத் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டார்.

"வெயிலு," என்றார்.

பிரபாவதி அப்பாசாமியிடம் நேராகக் கேட்டாள். "அண்ணே, காரோட சக்கரத்துக்குப் பெயிண்ட் வாங்கினது நீங்கதானா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஆமாம்மா. நான்தான் வாங்கினேன்."

"முதலாளி ஊருல இல்லாதப்ப காரை வெளியே எடுத்தீங்களா?"

"எடுத்தேன். சதுரங்கப்பட்டினம் பக்கம், சவுக்குத் தோப்பு ரோட்டுக்கு."

"எதுக்கு?"

அவர் துணியை உதறி மடித்தார்.

"அண்ணாத்த," என்றான் ஏசுபாதம், "உன் மொதலாளி சாயங்காலம் உன்ன வூட்டுக்கு அனுப்பப் போறாரு. இன்னா நடந்திச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நாங்க பாத்துக்கறோம்."

"அங்காளம்மன் மேல சத்தியம் பண்ணிக் குடுத்துக்கிறேன் தம்பி. வேல போனா போவுது." சொல்லிவிட்டு அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூத்தவ இப்பதான் காலேஜில சேந்துக்கிறா. அது ஒண்ணுதான் மனச அறுக்குது."

ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டான். பிரபாவதி மட்டும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையில் புள்ளி புள்ளியாகக் காயம்.

"இது என்ன?"

"கோழி கொத்திடிச்சிம்மா."

துக்கம் வந்தால் ஏசுபாதத்துக்குப் பசிக்கும். அது அவன் பிறவி வாகு. கடற்கரைக்குப் போகிற வழியில், கருங்கல் திட்டு ஓரமாக மேரி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய் ஒரு துண்டு வஞ்சிரம் வாங்கி வாயில் போட்டான்.

மேரி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு மரத்தடியை எட்டிப் பார்த்தாள். "அந்த வண்டி உங்களுதா? அந்த அண்ணாத்த வரலியா?"

"எந்த அண்ணாத்த?"

அவள் சொன்னாள். கேட்டதும் ஏசுபாதத்துக்கு ஒரு முள் தொண்டையில் குறுக்கே நின்றுவிட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்களா? பாவம், முதலில் அந்த முள் இறங்கட்டும்.

சாயங்காலம் எல்லோரும் ஜெகதீசன் வீட்டு வாசலில் கூடினார்கள். அப்பாசாமி வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு ஓரமாக நின்றார். ஜெகதீசனின் மனைவி தெய்வநாயகி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தாள். நல்ல உயரம், தூக்கிச் செருகிய சேலை. மோர் டம்ளரை நீட்டிய விரல்களைப் பார்த்தான் ஏசுபாதம். நகக்கண்ணெல்லாம் பழைய எவர்சில்வர் குண்டான் கலர்.

"சாவிய எடு," என்றார் ஜெகதீசன் அப்பாசாமியிடம்.

"எதுக்குங்க சாவி?" என்றாள் தெய்வநாயகி.

"உனக்கு ஒண்ணியும் தெரியாது, நீ உள்ள போ! இவன் இன்னிமே வேலைக்கு வேணாம். நான் ஊர்ல இல்லாதப்ப வண்டிய எடுத்துக்கினு சுத்திக்கிறான்."

தெய்வநாயகி ஓரடி முன்னால் வந்தாள். அப்பாசாமி அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தார். சாவிக்காகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

அப்போதுதான் வீட்டைச் சுற்றிக்கொண்டு அது வந்தது.

கோழி. நாட்டுக்கோழி. தலையிலிருந்து இடுப்பு வரை செம்பழுப்பு. இடுப்புக்குப் பின்னால் சுத்த வெள்ளி. வாலைத் தூக்கிக்கொண்டு நடு வாசலில் வந்து நின்று, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"மேடம், சாட்சி வந்துடுச்சி," என்றான் ஏசுபாதம்.

அது வந்த வழியே பின்கட்டுக்கு ஓடினான். கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல். கல்லின் மேல் சக்கர அளவுக்கு வட்டமாக ஒரு வெற்றிடம், அதைச் சுற்றிலும் சிதறிய வெள்ளிப் பெயிண்ட். கூண்டின் கதவிலும் வெள்ளி. உள்ளே முட்டைகள். இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று குனிந்தான். அவ்வளவுதான், பின்னாலேயே பறந்து வந்த கோழி அவனைத் தொடையில் ஒன்று, கையில் இரண்டு, சொல்லக் கூடாத இடத்தில் ஒன்று என்று கொத்தி வாசல் வரைக்கும் விரட்டிவந்தது.

"ஐயோ, அட காக்குது! கிட்ட யாரும் போவக் கூடாது!" என்று ஓடிவந்த தெய்வநாயகி அதை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோழி அவள் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு சமர்த்தாகிவிட்டது.

பிரபாவதி மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். "அடை காக்கிற கோழிக்குப் பக்கத்துல உக்காந்து, புளி போட்டுத் தேய்ச்சு, பட்டி வச்சு, பத்திரிகை சொருகி, பெயிண்ட் அடிக்கிறது ஒருத்தரால மட்டும்தான் முடியும். அப்பாசாமி அண்ணன் சக்கரத்தைக் கழட்டிக் கொண்டுவந்து வச்சதுக்கே கொத்து வாங்கியிருக்கார். குண்டான் கலரும் அவர் கேட்ட கலர் இல்லை. சொல்லுங்கம்மா, வேலை போகட்டும்னு நிக்கிறாரே மனுஷன்."

தெய்வநாயகிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"நான்தாங்க. நான்தான் ஓட்டுனேன். பொண்ணு வைஷாலி கேளம்பாக்கத்துல மாசமா கீறா. ஆசப்பட்டத ஆக்கி எடுத்துக்கினு நெனச்சப்ப போய்ப் பாக்க முடியல. இவர கூப்ட்டா நாளைக்கு, நாளைக்குன்றாரு. அதான் அண்ணன்கிட்ட கத்துக்கினேன். சவுக்குத் தோப்பு ரோட்டுல மதகு ஓரம் 'கரக்'குன்னு ஒரு சத்தம். எறங்கிப் பாத்தா சக்கரத்துல பூஜைக்கு வச்ச சந்தனமெல்லாம் பேந்து கெடக்குது, உள்ள இம்மாம் நீளம் சிராய்ப்பு! இவுரு உசுரா வச்சினு கீற வீலாச்சே! யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கிக்கினேன். உப்புத்தாளு போட்டுத் தேய்ச்சு கையெல்லாம் தோலு உரிஞ்சிபோச்சி."

ஜெகதீசன் உள்ளுக்குள் எதையோ கணக்குப் போட்டு, திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓகோ! அப்ப சிராய்ப்பு வச்சது நீதானா? சரி, சரி, போனா போவுது. பொம்பள கத்துக்கும்போது இதெல்லாம் சகஜம். நான் மன்னிச்சிட்டேன்."

"சார்," என்றாள் பிரபாவதி. "காலையில வந்து சிராய்ப்பைக் காணோம்னு சொன்னீங்க. அது சந்தனத்துக்கு அடியில இருந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெகதீசன் மோர் டம்ளரைத் தேடினார்.

"ஆமா!" என்றார் அப்பாசாமி மெதுவாக. "ஆயுத பூஜை அன்னிக்கு மூணு சக்கரத்துக்கும் பொட்டு வச்சிட்டு, அது ஒண்ணுக்கு மட்டும் வரட்டி தட்டற மாதிரி அப்புனது மொதலாளிதான். பூஜ போட்ட சந்தனம், கழுவக் கூடாது, கை வச்சா குடும்பத்துக்கு ஆவாதுன்னு சொன்னாரு. நானும் பயந்துகினு தொடவே இல்ல."

ஏசுபாதத்தின் தொண்டையில் இருந்த முள் இப்போது இறங்கிவிட்டது.

"மாமல்லபுரத்துல மேரின்னு ஒரு அக்கா மீன் பொரிக்குது," என்று ஆரம்பித்தான். ஜெகதீசன் எழுந்துகொண்டார். "உக்காரு சார். நல்லா முடி வச்ச அண்ணாத்த ஒருத்தர், நெத்தி நெறய நாமம் போட்டுக்கினு, இந்த வண்டிய தனியா ஓட்டிக்கினு வந்தாராம். வஞ்சிரம் துன்னாராம், எறா துன்னாராம். வெரல நக்கிக்கினே ரிவர்சு எடுத்தப்ப கருங்கல் திட்டுல 'கரக்'குன்னு இட்ச்சாராம். மேரி அக்கா சும்மா இல்லாம, இன்னா சாமி, பொரட்டாசி சனிக்கெழமயும் அதுவுமா மீனு துன்றியே, அதான் சாமி கைமேல காட்டிட்டாருன்னு சொல்லிச்சாம். அண்ணாத்த அழுதுட்டாராம்."

தெய்வநாயகி கோழியைக் கீழே விட்டாள்.

"பொரட்டாசி சனிக்கெழமயா?"

"தெய்வா, நான் இன்னா சொல்றேன்னா..."

"நான் வூட்ட மொழுவி, தளிக போட்டு, பட்டினி கெடந்து கோவிந்தா போட்டுக்கினு கெடக்கறேன். ஆபீஸ் வேல கீதுன்னு போன மனுசன் எறா துன்னுட்டு வந்தியா? வந்து எங்கூட உக்காந்து தளிக சோத்தயும் துன்னியேய்யா!"

"அதுக்குத்தான் மொட்ட போட்டுக்கினு வந்துட்டேனே!" என்று அலறினார் ஜெகதீசன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

ஏசுபாதம் சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் துண்டை வைத்துக்கொண்டான். பிரபாவதியின் உதடுகூடத் துடித்தது. சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான்.

அப்பாசாமி சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். காரின் மாற்றுச் சாவி, வேன் சாவி, வீட்டுக் கொல்லைப்புறச் சாவி, எல்லாம் அதில்தான். கொண்டுவந்து காரின் முன்பக்கத்தில் வைத்தார்.

"அப்பாசாமி, அதான் எல்லாம் தெரிஞ்சிபோச்சே. நீ எடுத்து வச்சிக்கோ. நான் ஏதோ கோவத்துல..."

"உங்க பொண்ண நான்தான் ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கு எடுத்தாந்தேன் மொதலாளி. கல்யாணத்துக்கும் நான்தான் ஓட்டுனேன். திருடன்னு நெனச்சீங்க, சரி. ஒரு வார்த்த, 'இன்னா அப்பாசாமி'ன்னு என்னக் கேட்டிருக்கலாம். ஆள வச்சி விசாரிச்சீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஜெகதீசன் அப்படியே நின்றார். அவர் மொட்டைத் தலை வேர்த்து, சந்தனம் கன்னத்தில் வழிந்தது. அந்த நிமிஷம் ஏசுபாதத்துக்கு அவர் மேலும் இரக்கமாகத்தான் இருந்தது.

"பாத்துக்கினு நிக்கறியே, போய் கூப்புடுய்யா!" என்றாள் தெய்வநாயகி. அவர் அசையவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சாவிக்கொத்தை எடுத்தாள். காருக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

கார் ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி குதித்தது. வெள்ளிவால் கோழி கூரைமேல் ஏறிவிட்டது. மூன்றாவது குதியில் வண்டி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. பிரபாவதியும் ஏசுபாதமும் பின்னாலேயே ஓடினார்கள்.

தெருவில் அப்பாசாமி திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். அவருக்குப் பக்கத்திலேயே கார் உறுமிக்கொண்டு, நின்று நின்று, முன்னால் ஓரடி பின்னால் அரையடி என்று வருகிறது. ஜன்னலில் தெய்வநாயகி.

"அண்ணே, ஏறுங்கண்ணே."

"வேணாம்மா. நீங்க வூட்டுக்குப் போங்க."

"அவருக்காவ இல்ல. எனக்காவ ஏறுங்க. இன்னும் ரிவர்சு சொல்லித் தரலியே நீங்க."

"வேற யாரனா சொல்லித் தருவாங்க."

வண்டி நின்றுபோனது. அவள் சாவியைத் திருப்பினாள். கியரைப் பிடித்து ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். கரகரவென்று பல்லைக் கூச வைக்கிற சத்தம் ஒன்று தெரு முழுக்கக் கேட்டது. அப்பாசாமியின் தோள் சிலிர்த்தது. நாலு அடி நடந்தார். மறுபடி அதே சத்தம். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூன்றாவது தடவை பொறுக்க முடியவில்லை.

"ஐயோ அம்மா! கிளட்ச்ச முழுசா அமுக்குங்க! கியர் பொட்டி கதறுதே, காதுல வுழல?"

ஓடி வந்தார். கதவைத் திறந்தார். அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம்... இப்ப மெதுவா வுடுங்க. பதறாதீங்க. மெதுவா," என்றார்.

வண்டி குதிக்காமல் நகர்ந்தது.

அப்போதுதான் ஜெகதீசனுக்குக் கால் வந்தது. செருப்புகூடப் போடாமல் வாசலைத் தாண்டி, பிரபாவதியைத் தாண்டி, ஏசுபாதத்தைத் தாண்டி, "அப்பாசாமி! டேய் அப்பாசாமி! தப்புதான்டா! நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஊரே வாசலுக்கு வந்துவிட்டது.

காருக்குள்ளிருந்து அப்பாசாமி எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே தலையை இழுத்துக்கொண்டார்.

"நிறுத்தட்டாண்ணே?" என்றாள் தெய்வநாயகி.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்மா. நீங்க செகண்டு கியரு போடுங்க."